எறும்பு தொடாத தரை

அத்தியாயம் 3

சாயங்காலம் ஆறு மணிக்குள் ஒரு கையெழுத்து விழுந்தால், தெருவின் எதிர்ப்பக்கம் நிற்கிற நர்ஸ் ஜெயிலுக்குப் போவாள். அப்போது மணி மூன்று.

அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள். படி ஏறக் கூடாது என்று இறந்தவளின் தங்கை வாசலிலேயே சொல்லிவிட்டாள். அவளை வரச் சொன்னது எங்கள் மேடம். வரச் சொல்லிவிட்டு வெயிலில் நிற்க வைப்பது மேடத்துக்குக் கைவந்த கலை. ஒன்பது வருஷமாக என்னை அப்படித்தான் வைத்திருக்கிறார்.

மேடத்துக்கு முதுகுக்குப் பின்னால் 'துருவி' என்று பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் செத்தவர்களின் காகிதங்களைத் துருவித் துருவிப் பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாள். எனக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்ததும் அவர்தான். போட்டுவிட்டால் தானாக நிற்காதாம். எனக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. சட்டைப் பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கும். இந்தக் கதையில் என் பங்கு அந்த மிட்டாய்தான் என்று மேடம் பிறகு சொன்னார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

விஷயம் இது. அந்த வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்ப்பவர். முன்னறை கடை, பின்னால் வீடு. மனைவிக்குச் சர்க்கரை முற்றிப்போய், போன வருஷம் முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள். தினமும் மதியமும் மாலையும் நர்ஸ் வந்து இன்சுலின் போட்டுவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊசி போட்டுவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினாள். சாயங்காலம் ஐந்தரைக்குத் தங்கை வந்து பார்த்தபோது அக்கா கட்டிலில் செத்துக் கிடந்தாள். சர்க்கரை அளவு கீழே இறங்கி மூளை நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

கட்டிலின் மேல் ஒரு நோட்டு இருந்தது. அந்த அம்மாள் தன் அளவுகளை அதில் எழுதி வைப்பாள். கடைசி மூன்று வரிகள்தான் நர்ஸின் கழுத்துக்குக் கயிறு.

2.10 – 64. ஜூஸ் ஒரு டம்ளர் குடித்தேன்.
2.30 – 51. இன்னொரு டம்ளர்.
2.55 – 38. மணி அடித்தேன்.

மூன்றாவது வரி பக்கத்தைவிட்டு வழுக்கிக்கொண்டு ஓடியிருந்தது. அந்த நேரத்தில் கை எப்படி ஆடும், நாக்கு எப்படிக் குழறும் என்று எனக்குத் தெரியும். பார்க்கிறவன் குடிகாரன் என்பான். ஒரு மிட்டாய் வாயில் போட்டால் பத்து நிமிஷத்தில் மனுஷன் ஆகிவிடலாம். இவள் இரண்டு டம்ளர் இனிப்பு ஜூஸ் குடித்தும் அளவு இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. அப்படியானால் உள்ளே போன மருந்து கொஞ்சநஞ்சமாக இருக்க முடியாது என்று போலீஸ் கணக்குப் போட்டது. நர்ஸ் பதினாலு யூனிட் என்று எழுதிவிட்டு நாற்பதைப் போட்டிருக்கிறாள் என்பது அவர்கள் முடிவு.

காரணமும் இருந்தது. படுக்கை பக்கத்தில் இருக்கும் ஜூஸ் பாட்டில் சில வாரமாகக் குறைந்துகொண்டு வந்தது. நர்ஸ் திருட்டுத்தனமாகக் குடிக்கிறாள் என்று அக்கா தங்கை இருவருக்கும் சந்தேகம். சனிக்கிழமை மாலை நர்ஸ் கிளம்பும்போது, அவள் கண் முன்னாலேயே பாட்டிலில் ஜூஸ் இருந்த மட்டத்துக்குப் பேனாவால் கோடு போட்டுவிட்டாள் அக்கா. ஞாயிறு மதியம் நர்ஸ் வரும்போது ஜூஸ் கோட்டிலேயே நின்றது. நீ இல்லாத ராத்திரியில் ஒரு சொட்டு குறையவில்லை, ஆகவே நீதான் திருடி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் ஊசி.

"ஜூஸ் திருடினதும் அவதான், உயிரைத் திருடினதும் அவதான்," என்றாள் தங்கை. தபாலாபீஸ் கவுன்ட்டரில் முத்திரை குத்துகிற வேலை அவளுக்கு. பேச்சும் அப்படித்தான் விழுந்தது. "புகார் எழுதிட்டேன். ஆறு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அவ தப்பிக்கக் கூடாது, அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"நீங்க ஏன் கையெழுத்து? புருஷன்தானே போடணும்?" என்று கேட்டார் மேடம்.

அத்தானுக்குத் தெம்பில்லையாம். பேனாவைப் பிடித்தாலே கை நடுங்குகிறதாம், நீயே போட்டுவிடு என்றாராம். சொல்லும்போதே தங்கைக்குக் கண் கலங்கியது.

அந்த அத்தான் கடையில் உட்கார்ந்திருந்தார். சுவர் முழுக்கப் பதினேழு கடிகாரங்கள், எல்லாம் ஒரே நேரம் காட்டின. அவர் தலைக்கு மேல் ஒரு மின்சார மணி. மனைவியின் கட்டிலில் பொத்தானை அமுக்கினால் இங்கே அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த மணிக்கு நேர்கீழே, பெஞ்சில், நல்ல போதையில் படுத்திருந்ததாக அவரே சொன்னார். மறைக்கவில்லை. மணி அடித்தது காதில் விழவில்லை, அந்தப் பாவத்தை நான் சாகும்வரை சுமப்பேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். தங்கை ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

அடிக்கிற கை நடுங்கவே இல்லை என்பதை நான் கவனித்தேன். மேடம் சுவரில் தொங்கிய அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். 'பழைய பாகம் கழுவித் தரப்படமாட்டாது. புதிதாக மாற்றித் தரப்படும்.'

"கழுவிப் போட்டா ஆகாதுங்களா?" என்று கேட்டார், என்னவோ தன் கைக்கடிகாரத்துக்கு விசாரிப்பதுபோல.

"ஆகாதும்மா. எவ்வளவு கழுவினாலும் பழசு கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கும். மாத்தினா முழுசா மாத்தணும்."

"நல்ல பழக்கம்," என்றார் மேடம்.

அக்காவின் அறையை ஞாயிற்றுக்கிழமையே பூட்டிச் சாவியைத் தங்கை வைத்திருந்தாள். திறந்தாள். ஒரு கட்டில், ஒரு ஊன்றுகோல், ஒரு சின்ன மேஜை. மேஜையில் சர்க்கரை பார்க்கும் மிஷினும் ஜூஸ் பாட்டிலும். ஆரஞ்சு ஜூஸ், மூன்று டம்ளர் அளவு குறைந்திருந்தது. மூன்றாவதை ஊற்றி வாய்க்குக் கொண்டு போகும்போது கை நழுவியிருக்கிறது. டம்ளர் கட்டிலடியில் உருண்டு கிடந்தது. தரையில் தட்டு அகலத்துக்கு வெளிறின ஆரஞ்சுக் கறை.

கட்டில் காலிலிருந்து வாசல் தாண்டி எதிரே சமையலறை வரைக்கும் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட சின்னச் சின்னக் குறிகள் தெரிந்தன. மொத்தம் பதினோரு அடி என்றாள் தங்கை. ஊன்றுகோல் வந்த அன்று அவளே அளந்து குறி போட்டாளாம். ஒரு நாளைக்கு ஒரு அடி என்று அக்கா பழகிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமையோடு ஆறு அடி ஆகியிருந்தது.

நான் கறையை மிதித்தபடி நின்றுகொண்டிருந்தேன். மிதிக்கக் கூடாதுதான். எழவு வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்கிறவன் எங்கே மிதிக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

"ரேடியோ, காலை எடு," என்றார் மேடம். எடுத்தேன். "மறுபடி வை." வைத்தேன். "எடு."

"மேடம், வயசு ஐம்பது. உடற்பயிற்சிக்கு வேற இடம் பாக்கலாமே."

"கால் ஒட்டுதா?"

ஒட்டவில்லை. தரை வழவழவென்று இருந்தது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இனிப்பு ஜூஸ் சிந்திக் காய்ந்த தரை, நாலு நாள் ஆனாலும் காலைப் பிடித்துக்கொண்டு விடாது.

மேடம் பாட்டிலைச் சுட்டிக்காட்டினார். மூடியைச் சுற்றி எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து இறங்கிய ஒரு வரிசை, கறையின் ஓரமாகவே வந்தும் அதைத் திரும்பிப் பார்க்காமல் மேஜைக்கால் வழியாக மேலே போனது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பில்லாதவன் போகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின.

"ஒரு மிட்டாய் குடு," என்றார்.

"மேடம், இது என் உயிர் மருந்து."

"நாலு இருக்கில்ல. ஒண்ணுல செத்துட மாட்டே."

காகிதத்தை உரித்து மிட்டாயைக் கறையின் நடுவில் வைத்தார். நாங்கள் தேநீர் குடிக்கப் போனோம்.

சமையலறையில் தங்கை தேநீர் போட்டாள். சர்க்கரை டப்பாவை ஒரு தட்டுத் தண்ணீருக்கு நடுவில் வைத்திருந்தார்கள். இந்த வீட்டில் எறும்புத் தொல்லை அப்படி, ஒரு பருக்கை சிந்தினால் படை எடுத்து வந்துவிடும் என்றாள். மூன்று டம்ளரில் சர்க்கரை போட்டாள்; என் வியாதி அவளுக்குத் தெரியாது. நாலாவதில் போடவில்லை.

"இது யாருக்கு?" என்றார் மேடம்.

"அத்தானுக்கு. ரெண்டு மாசமா சர்க்கரையே தொடறதில்ல. அக்கா சாப்பிடக் கூடாததை நான் மட்டும் எப்படிச் சாப்பிடறதுன்னு விட்டுட்டாராம். குடிப்பார், ஒத்துக்கறேன். ஆனா இந்த மாதிரி ஒரு புருஷன் யாருக்கும் கிடைக்க மாட்டார் மேடம்."

நான் வாயைத் திறந்தேன். மேடம் என் காலை மிதித்தார். திரும்ப மூடிக்கொண்டேன்.

அடுத்த கால் மணி நேரத்தில் எனக்கு மூன்று வேலைகள் வந்தன. முதலில் நர்ஸிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். தெருவைத் தாண்டிப் போனேன். பதினாறு வருஷம் ஊசி போட்ட கை, பையின் வாரைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பதினாலு யூனிட்தான் போட்டேன், சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுத்து, மூணு வாய் சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் கிளம்பினேன், என் வேலையில் அது சட்டம் என்றாள். எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ, பாடமாகச் சொன்னாள். சனிக்கிழமை அந்தக் கோடு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நீல பேனா. படுத்துக்கிட்டே போட்டாங்க, கோணலா ஒரு பக்கம் ஏறிப் போச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். என்னைத் திருடின்னு போட்ட கோடு ஆச்சே."

இரண்டாவது வேலை தெருக்கோடிக் கடை. கடைக்காரர் பேசுவதற்கு ஆள் கிடைக்காமல் காய்ந்து போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாலே காலுக்குத்தான் கதவைத் தூக்குவாராம். பாதி தூக்கும்போதே கடிகாரக்காரர் குனிந்து உள்ளே வந்துவிட்டார். வழக்கமாக அவர் வாங்குவது சர்க்கரை போடாத ஆரஞ்சு ஜூஸ். அதே கம்பெனி, அதே நிறம், பாட்டிலில் மட்டும் ஒரு பச்சைப் பட்டை இருக்கும். சரக்கில் கலந்து அடிக்க வாரத்துக்கு மூன்று. அன்றைக்கு மட்டும் சர்க்கரை போட்டதுதான் வேண்டும் என்று நின்றார். "மூச்சு வாங்குச்சு அவருக்கு. சட்டையில பொத்தான்கூடப் போடல. ஜூஸ் குடிக்க இவ்வளவு அவசரமான்னு நெனச்சுக்கிட்டேன்."

மூன்றாவது வேலை கடையில். மேடம் கடிகாரக்காரரை உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொண்டார், நான் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். பூதக்கண்ணாடி, குட்டி இடுக்கி, முள் மாதிரி நுனி வைத்த கறுப்பு மைப் பேனா. கடிகார முகத்தில் அழிந்த எண்களைத் திருத்தி எழுதுகிற பேனா அது. அதற்கடியில் பாதி காலியான மாத்திரை அட்டை. டாக்டர் சீட்டு எனக்குத் தேவைப்படவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் காலையும் மாலையும் அதைத்தான் நானும் விழுங்குகிறேன். மேஜைக்கு அடியில் பச்சைப் பட்டை போட்ட பாட்டில்கள் இரண்டு.

திரும்பி வந்து மேடத்திடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சர்க்கரை மிஷினைக் கையில் வைத்து அதன் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்களும் நேரமும் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அவர் முகம் மாறிற்று. மேடத்தின் முகம் மாறி நான் பார்த்ததில்லை. இருபது வருஷம் பிணக் காகிதம் பார்த்தவர்.

"எல்லாரையும் கடையில உக்காரச் சொல்லு," என்றார். "நர்ஸையும்."

தங்கை மறுத்தாள். புகாரைக் கையில் வைத்துக்கொண்டு, இவள் இந்த வீட்டுக்குள் வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்றாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் கொடுங்கள், அப்புறம் என் பேனாவையே தருகிறேன் என்று மேடம் சொன்ன பிறகு உட்கார்ந்தாள். நர்ஸ் கதவோரம் நின்றாள். அப்போது மணி ஐந்தே கால்.

முதலில் எல்லோரையும் அறைக்குக் கூட்டிப் போய்த் தரையைக் காட்டினார். மிட்டாய் தெரியவில்லை. கறுப்பாக ஒரு கொத்து எறும்புதான் தெரிந்தது. அதைச் சுற்றியிருந்த ஆரஞ்சுக் கறையில் ஒன்றுகூட இல்லை. எறும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றார் மேடம். மூடியில் இருப்பது சர்க்கரை ஜூஸ், தரையில் சிந்தியது சர்க்கரை இல்லாத ஜூஸ். ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு வராது. ஆகவே அக்கா குடித்த பாட்டில் இது இல்லை.

பிறகு அளவு நோட்டைத் திறந்தார். அக்கா படுத்தபடி கட்டம் போட்ட கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் ஏறிப் போயிருந்தன. பாட்டிலில் இருந்த கோடு கறுப்பு, மயிரிழை மாதிரி மெல்லியது, சுற்றிலும் ஒரே மட்டம்.

"இவ்வளவு நேரா கோடு போடற கை இந்த வீட்டில ஒண்ணுதான் இருக்கு. பேனாவைப் பிடிச்சா நடுங்குதுன்னு சொன்ன கை."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தங்கைதான் முதலில் பேசினாள். அத்தான் எதற்காக அக்காவைக் கொல்ல வேண்டும், அவள் போனால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டாள். குரலில் இன்னும் சண்டை இருந்தது.

"கொல்லல," என்றார் மேடம். "கொன்னிருந்தா நான் அவரைக் கொஞ்சம் மதிச்சிருப்பேன்."

மீண்டும் கடைக்கு வந்தோம். மேடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டு போனார், சாட்சிக் கையெழுத்துக் கேட்கிறவர் மாதிரி ஒவ்வொரு வரிக்கும் கடிகாரக்காரரைப் பார்த்து நிறுத்தினார். அவர் ஒரு தடவைகூட இல்லை என்று சொல்லவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கும் சர்க்கரை வியாதி வந்திருக்கிறது. தெரிந்தால் மனைவி குடியை நிறுத்தச் சொல்வாள். அதனால் மறைத்துவிட்டு, தேநீரில் சர்க்கரையை விட்டதற்குப் பாசம் என்று பெயர் சூட்டினார். சரக்கில் கலக்கச் சர்க்கரை இல்லாத ஜூஸ். தன் உடம்பின் மேல் அவ்வளவு அக்கறை. ஆனால் நாக்கு கேட்க வேண்டுமே. போதை ஏறினதும் மனைவியின் தலைமாட்டில் இருந்த நிஜ ஜூஸை எடுத்துக் குடித்துவிடுவார். பாட்டில் குறைந்தது. பழி நர்ஸ் மேல் விழுந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். அவர் வாயே திறக்கவில்லை.

சனிக்கிழமை கோடு போட்டது அவருக்குத் தெரியாது. அன்று இரவும் குடித்துவிட்டு பாட்டிலைக் காலி செய்துவிட்டார். காலையில் எழுந்து பார்த்தால் கோடு. இரவு வீட்டில் இருந்தது இரண்டே பேர், அதில் ஒருவருக்கு ஒரு கால். திருடன் யார் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஞாயிறு காலை கடை திறந்திருக்காது. ஆகவே தன் பச்சைப் பட்டைப் பாட்டிலில் இருந்ததை அதில் ஊற்றினார். கடிகாரக்காரர் இல்லையா, கோட்டுக்கு ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"காலியா விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார் மேடம்.

அவர் இழுப்பறையைத் திறந்து பூதக்கண்ணாடியையும் இடுக்கியையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"திட்டியிருப்பாங்க. அவ்வளவுதான். திட்டிட்டு, மதியம் வந்த நர்ஸை அனுப்பி சர்க்கரை எடுத்துட்டு வரச் சொல்லியிருப்பாங்க. ஒரு திட்டுக்குப் பயந்து ஊத்தின ஜூஸ் அது."

மதியம் நர்ஸ் போன பிறகு அவர் குடித்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். சண்டை. அந்த அம்மாள் தட்டைத் தள்ளிவிட்டாள் என்று அவரே ஒத்துக்கொண்டார். உள்ளே போனது பதினாலு யூனிட் மருந்தும் மூணு வாய்ச் சோறும். அப்புறம் நோட்டில் இருக்கிற மூன்று வரிகள். எல்லாம் முடிந்த பிறகு, பலகையில் எழுதினபடியே, பழைய பாட்டிலைக் கழுவாமல் புதிதாக மாற்றிக் கோடு போட்டு வைத்தார்.

நர்ஸ் கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பதினாலு, பதினாலு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

தங்கை புகாரை மடியில் வைத்துக்கொண்டு அத்தானைப் பார்த்தாள். தப்புதான், ஆனால் தெரியாமல் செய்த தப்பு, அப்புறம் பயந்து பாட்டிலை மாற்றிவிட்டார், அவ்வளவுதானே என்று மேடத்திடம் கேட்டாள். கெஞ்சுகிற மாதிரி கேட்டாள். அக்காவும் போய், பத்து வருஷமாகக் கும்பிட்ட அத்தானும் போனால் அவளுக்கு யார் மிச்சம்? எனக்கே மேடம் அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மேடம் சர்க்கரை மிஷினை மேஜையில் வைத்தார்.

"நோட்டில மூணு வரி இருக்கு. மிஷினுக்குள்ள நாலு இருக்கு. நாலாவது, நாலு மணி அஞ்சு நிமிஷம். அளவு இருபத்திரண்டு." மிஷினைத் தங்கையின் பக்கம் திருப்பினார். "அதை உங்க அக்கா பாக்கல. அவங்க அப்போ எழுதற நிலைமையிலேயே இல்ல. வேற ஒருத்தர் அவங்க விரலைக் குத்திப் பாத்திருக்கார். செத்தவங்களுக்கு யாரும் சர்க்கரை பாக்க மாட்டாங்க."

பதினேழு கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு அப்போது ஒரு ஜோக்கும் வரவில்லை.

"உங்களுக்கு அவர் போன் பண்ணினது எத்தனை மணிக்கு?"

"அஞ்சு பத்து," என்றாள் தங்கை.

"நாலே காலுக்குத் தெருக்கோடிக் கடையில நின்னு, சர்க்கரை போட்ட ஜூஸ்தான் வேணும்னு கேட்டிருக்கார்."

தங்கை எழுந்து அத்தான் முன்னால் போய் நின்றாள். மூச்சு இருந்ததா என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். தலையாட்டல் போதாது, வாயால் சொல்லுங்கள் என்றாள்.

"இருந்துச்சும்மா," என்றார். "குறட்டை மாதிரி வந்துச்சு. நெஜ ஜூஸ் வாங்கிட்டு வந்து குடுத்தா எழுந்துடுவா, யாருக்கும் எதுவும் தெரியாமப் போயிடும்னு நெனச்சேன். ஓடித்தான் போனேன். வந்து பாக்கறதுக்குள்ள..."

"ஆம்புலன்ஸ்?"

"வந்தா பாட்டிலைப் பாப்பாங்களே."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கையால் வாயை மூடிக்கொண்டார்.

தங்கை உள்ளே போனாள். ஒன்று, இரண்டு என்று எண்ணுவது கடைவரை கேட்டது. அக்காவின் கட்டிலிலிருந்து ஆரம்பித்துச் சுண்ணாம்புக் குறிகளின் மேல் கால் வைத்து எண்ணிக்கொண்டு போனாள். பதினொன்றில் நின்றது. திரும்பி வந்தபோது கையில் சர்க்கரை டப்பா. அடிப்பாகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அதை அவர் முன்னால், இடுக்கிக்கும் பூதக்கண்ணாடிக்கும் நடுவில் வைத்தாள்.

"பதினோரு அடி, அத்தான். ஒரு சிட்டிகை எடுத்து அவ ஈறுல தேய்ச்சிருக்கலாம். நீங்க கடைக்குப் போனீங்க."

அவர் டப்பாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வீட்டில் சர்க்கரை இருந்தது அந்த நிமிஷம் வரை அவர் நினைவுக்கு வரவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். பாட்டிலைச் சரிசெய்கிற யோசனையில் மனைவியை மறந்துபோயிருக்கிறார். என் சட்டைப் பையில் மூன்று மிட்டாய் கனத்தன. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அருவருப்புதான் வந்தது.

நர்ஸ் எழுந்து தங்கையின் பக்கத்தில் வந்து நின்றாள். உட்காருங்கள் என்று தங்கை நாற்காலியைத் தள்ளினாள். மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டாலும் அந்த நேரத்தில் அதை வாங்கி வைத்துக்கொள்ள இடம் இல்லை. இடுப்பில் செருகியிருந்த புகாரை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். அதன் வெற்றுப் பக்கத்தை மேஜையில் விரித்தாள். மணி ஐந்து நாற்பது.

"மேடம், பேனா தர்றேன்னீங்களே."

மேடம் தன் பையைத் திறக்கவில்லை. கடிகாரக்காரரின் இழுப்பறையை இழுத்து, முள் நுனி வைத்த அந்தக் கறுப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"இதுல எழுதுங்க. எழுத்து நேரா வரும்."